முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு

போன மாதம் அக்கா மகன் வீட்டுக்கு வந்திருந்தான். முதல் சம்பளம் வாங்கிய கை சும்மா இருக்குமா? "மாமா, நானும் லெகோ ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். எந்த செட் வாங்கட்டும்?" என்றான். ராத்திரியில் கேம் ஆடவும் நான் துணைக்கு வர வேண்டுமாம். "செட்டைப் பத்தி அப்புறம் பேசலாம்டா. முதல்ல தெருமுனைக் கடையில நாற்பது பக்கம் கோடு போட்ட நோட்டு ஒண்ணு வாங்கிட்டு வா" என்றேன். முகம் தொங்கிப்போய்க் கிளம்பினான். அன்று அவனிடம் சொன்னதையும் சொல்ல மறந்ததையும் சேர்த்து, லெகோ என்கிற பிளாஸ்டிக் துண்டுகளைக் கோத்துக் கட்டுவது, கணினியில் கேம் ஆடுவது, இந்த இரண்டிலும் புதிதாகக் கால் வைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

நோட்டு எதற்கு

இரண்டு பொழுதுபோக்குக்கும் ஒரே வியாதிதான். கட்டுவதைவிட, ஆடுவதைவிட, வாங்குவது சுலபம். தள்ளுபடி என்று கண்ணில் பட்டால் விரல் தானாகப் போய் அழுத்தும். ஒரு காலத்தில் என் பரணில் பிரிக்காத பெட்டிகள் நான்கு இருந்தன. கணினியில் ஒரு தடவைகூடத் திறக்காத கேம்கள் பதினொன்று. நான் அதைச் சேகரிப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டில் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள்.

நோட்டு வந்த பிறகுதான் அது அடங்கியது. முன்பக்கத்திலிருந்து கேம் கணக்கு, பின்பக்கத்திலிருந்து செட் கணக்கு. இடத்தை விட்டு எழுந்திருக்கும் முன் இரண்டே வரி எழுத வேண்டும். இன்று என்ன நடந்தது என்பது முதல் வரி. அடுத்து என்ன என்பது இரண்டாவது. மைன்கிராஃப்ட் என்ற கேம் ஆடிய ஒரு நாள், என் நோட்டிலிருந்து:

"செவ்வாய், ஒன்றேகால் மணி நேரம். கிழக்குச் சுரங்கம்: எக்ஸ் 212, ஒய் -59, இசட் -340. வைரம் 3. அடுத்து: தண்ணி வாளி இல்லாம இறங்கக் கூடாது."

இரண்டாவது வரிக்குத்தான் மதிப்பு. மாதக் கடைசியில் ஆபீஸ் வேலை கழுத்தை நெரிக்கும். மூன்று வாரம் தொடவே முடியாது. திரும்பி வந்து உட்கார்ந்தால் எங்கே விட்டோம் என்றே பிடிபடாது. அந்தச் சலிப்பில்தான் புது கேம் வாங்குகிறோம். செல்போனிலேயே குறித்துக்கொள்ளலாமே என்று கேட்டால், தாராளமாகச் செய்யுங்கள். நான் செல்போனைக் கையில் எடுத்தால் திரும்பி வர அரை மணி நேரம் ஆகிறது, அதனால் நோட்டு.

இதற்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. பழைய செட்டுக்கு நேரே "முடிந்தது" என்று எழுதாமல் புதுப் பெட்டி வாங்கக் கூடாது. நானே இரண்டு முறை மீறியிருக்கிறேன். இரண்டும் அதே நோட்டில் சிவப்பு மையில் இருக்கின்றன.

எந்த கேமில் தொடங்குவது

லெகோ மேல் ஆசை உள்ளவர் என்றால் மைன்கிராஃப்ட்தான் என் சிபாரிசு. கட்டம் கட்டமான துண்டுகளை வெட்டியெடுத்து, அடுக்கி வீடு கட்டுகிற கேம், 2011-இல் முழு வடிவில் வந்தது. பழைய மடிக்கணினியிலும் ஓரளவு ஓடும். வாங்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். ஜாவா, பெட்ராக் என்று இரண்டு பதிப்பு இருக்கிறது. ஒன்றில் இருப்பவர் மற்றதில் இருப்பவரோடு நேரடியாகச் சேர்ந்து ஆட முடியாது. செல்போனிலும் கன்சோலிலும் இருப்பது பெட்ராக். கணினிக்கு வாங்கினால் இரண்டும் சேர்ந்தே வருகிறது. கூட ஆடப்போகிறவர் எதில் இருக்கிறார் என்று கேட்டுவிட்டுக் காசைக் கட்டுங்கள்.

முதல் நாள் வேலை எளிது. மரம் வெட்டி, வேலைமேசை செய்து, மூன்று கம்பளியும் மூன்று பலகையும் சேர்த்துக் கட்டில் போடுங்கள். அதில் படுத்து எழுந்துவிட்டால், அப்புறம் செத்தாலும் அந்தக் கட்டில் பக்கத்திலேயே பிழைத்து எழுவீர்கள். அந்த உலகத்தின் ஒரு முழு நாள் நம் கடிகாரத்தில் 20 நிமிடம். அதனால் "இன்னும் மூணு நாள் ஆடிட்டுப் படுக்கறேன்" என்று நான் வீட்டில் சொன்னால் ஒரு மணி நேரம் என்று அர்த்தம். இப்போது அவர்களுக்கும் இந்தக் கணக்கு அத்துப்படி.

அடுத்ததாக, நாம் நிற்கும் இடத்தைச் சொல்கிற எக்ஸ், ஒய், இசட் என்ற இடக்குறியீட்டு எண்களைத் திரையில் வரவழையுங்கள். ஜாவாவில் எஃப்3 பொத்தான், பெட்ராக்கில் உலகத்தின் அமைப்புகளுக்குள் ஒரு தேர்வு. வீடு கட்டிய நிமிடமே அந்த மூன்று எண்களையும் நோட்டில் எழுதுங்கள். முதல் வருடம் நான் திண்ணை வைத்து ஒரு வீடு கட்டினேன். மொட்டை மாடியில் துளசி மாடம்கூட இருந்தது, அதாவது பச்சைத் துணுக்கு ஒன்றைத் துளசி என்று நானே நம்பிக்கொண்டேன். ஆடு பிடிக்கலாம் என்று கிளம்பிப் போனவன் இன்றுவரை அந்த வீட்டைக் கண்டுபிடிக்கவில்லை.

வைரம் அதிகம் அகப்படுவது ஒய் -59 அருகே. ஒய் என்பது உயரம், கழித்தல் குறி இருந்தால் பூமிக்கு அடியில் ஆழம். ஆனால் அந்த ஆழத்தில் குகைத் தரையெல்லாம் எரிமலைக் குழம்பு. தண்ணீர் வாளி கையில் இருந்தால் அதை ஊற்றிக் கல்லாக்கிவிடலாம். வாளி இல்லாமல் விழுந்தால் கையில் இருந்தது அத்தனையும் கருகிவிடும். வேறு விதமாகச் செத்தால் பொருட்கள் அங்கேயே சிதறிக் கிடக்கும், ஆனால் 5 நிமிடம்தான். அதற்குள் ஓடிப்போய்ப் பொறுக்க வேண்டும். எங்கே செத்தோம் என்பதைத் தெரிந்துகொள்ளவும் அந்த மூன்று எண்கள்தான் கைகொடுக்கும்.

ரிச்சி தெருவுக்கு ஒரு நடை

புது நாற்காலி, வண்ண விளக்கு எரியும் விசைப்பலகை எதுவும் முதலில் வேண்டாம். கேபிள் ஒன்று வாங்குங்கள். வைஃபையில் ஆடும்போது நடுவில் இழுத்து இழுத்து நிற்கிறது என்றால், பத்தில் எட்டு தடவை குற்றம் வீட்டுக்குள்ளேயே இருக்கும்: இரண்டு சுவர் தாண்டி, பீரோவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ரவுட்டர். கேட்6 என்ற நெட்வொர்க் கேபிள் பத்து மீட்டர் வாங்கி, ரவுட்டரிலிருந்து கணினிக்கு நேராகச் சொருகிப் பாருங்கள். சென்னையில் இந்தச் சாமான்களுக்கெல்லாம் ரிச்சி தெருதான், அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடக்கும் தூரம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். ஹெட்செட், கன்ட்ரோலர் வாங்கினால் ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்கள். "பில் இல்லாம இருநூறு குறைச்சுத் தரேன் சார்" என்பார்கள். வாரண்டிக்கு அந்த பில்தான் சாட்சி.

மாதாந்திரப் பராமரிப்பு நாளில் கரண்ட் போகும். ரவுட்டருக்கு மட்டும் சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது. ரவுட்டர் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று போட்டிருப்பதைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

பிங் பற்றி ஒரு வார்த்தை, அதாவது நாம் அனுப்பும் தகவல் கேம் சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம், மில்லிசெகண்டில். கேமில் எந்த ஊர் சர்வர் என்று தேர்ந்தெடுக்கக் கேட்டால், சென்னைக்காரர்கள் மும்பையை மட்டும் பார்க்காமல் சிங்கப்பூரையும் சோதித்துப் பார்க்கலாம். 2002-லிருந்தே சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நேரடிக் கடலடிக் கேபிள் இருக்கிறது, ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்த் திரும்ப 32 மில்லிசெகண்ட் ஆகிவிடுகிறதா? ஆகவே சிங்கப்பூர் சர்வரில் 40 வந்தால் அது நல்ல பிங். எத்தனை ஆயிரம் ரூபாய் ரவுட்டர் வாங்கினாலும் 32-க்குக் கீழே இறங்காது. "பிங்கைப் பூஜ்யமாக்கும்" என்று யாராவது எதையாவது விற்றால் அந்தப் பக்கம் தலைவைக்காதீர்கள்.

குலுக்கல் சீட்டு

இலவச கேம்கள் இலவசமாக இருப்பதன் ரகசியம் இது. ஆட இலவசம், ஆனால் புதுப் பாத்திரம் வேண்டுமென்றால் குலுக்கல் சீட்டு எடுக்க வேண்டும், சீட்டுக்குக் காசு. கென்ஷின் இம்பாக்ட் மாதிரி கேமில் அரிதான 5 நட்சத்திரப் பாத்திரம் ஒரு குலுக்கலில் விழ வாய்ப்பு 0.6 சதவீதம். 90 குலுக்கலுக்குள் ஒன்று நிச்சயம், ஆனால் நீங்கள் ஆசைப்பட்டதுதான் விழும் என்பது நிச்சயமில்லை. அதே கேமில் ரெசின் என்றொரு சரக்கு, பரிசு எடுக்கத் தேவைப்படும். 8 நிமிடத்துக்கு ஒன்று ஊறும், 200 வந்ததும் நின்றுவிடும். கணக்குப் போட்டால் 26 மணி 40 நிமிடம். ஒரு நாள் விட்டால் வீணாகிறதே என்று நம்மை தினமும் வாசலுக்கு வரவழைக்கிற ஏற்பாடு அது. வீணாகட்டும். அந்தப் பாலைக் கறக்கத்தான் வேண்டும் என்று யாரும் நேர்ந்துகொள்ளவில்லை.

லெகோவிலும் இதன் பங்காளி உண்டு. 2010 முதல் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத சிறு உருவப் பொம்மைகள் விற்கிறார்கள். இப்போது ஒரு வரிசையில் 12. எல்லாம் சம அளவில் கலந்திருக்கின்றன என்று வைத்துக்கொண்டால்கூட, கண்ணை மூடி வாங்கி 12-ஐயும் சேர்க்கச் சராசரியாக 37 பெட்டி வாங்க வேண்டிவரும். முதல் ஆறு சீக்கிரம் வந்துவிடும், கடைசி ஒன்றுக்கு மட்டும் சராசரி 12 பெட்டி. எனவே பிடித்த ஒன்றிரண்டைப் பிரித்து விற்கிறவர்களிடம், சேகரிப்பவர்களிடம் கேட்டு வாங்குங்கள். இரட்டையாக வந்ததை மாற்றிக்கொள்ளுங்கள். தீப்பெட்டிப் படம் மாற்றிய தலைமுறைக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம்.

காசு கட்டி ஆடி காசு ஜெயிக்கிற ஆட்டங்கள் இந்தக் கட்டுரையில் இல்லை. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் அவற்றைத் தடை செய்துவிட்டது.

முதல் செட்

பலரும் செய்யும் தப்பு, எடுத்த எடுப்பில் பெரிய செட்டுக்குப் போவது. டைட்டானிக் செட்டில் 9,090 துண்டுகள். நான் மணிக்கு 150 துண்டு கோக்கிற ஆள். அதாவது 60 மணி நேரம், அப்புறம் அதை வைக்க நாலரை அடி இடம். வாடகை வீட்டில் எங்கே போவது?

300-லிருந்து 500 துண்டு வரை உள்ள, கிரியேட்டர் வரிசையில் மூன்று மாதிரிகள் செய்யக்கூடிய செட் ஒன்றில் தொடங்குங்கள். ஒரே துண்டுகளை வைத்து மூன்று விதமாகக் கட்டலாம், மூன்றுக்கும் கையேடு உண்டு. ஒன்றைக் கட்டி, பத்து நாள் பார்த்து, பிரித்து அடுத்ததைக் கட்டலாம். ஒரு பெட்டி வாங்கி நோட்டில் மூன்று "முடிந்தது" எழுதுகிற சுகம் இதில்தான் கிடைக்கும்.

வாங்கும் முன் பெட்டியில் உள்ள செட் எண்ணை வைத்து நிறுவனத்தின் தளத்தில் கையேட்டை இலவசமாக இறக்கிப் புரட்டிப் பாருங்கள். இது பலருக்குத் தெரியாது. ஒரே மாதிரி ஜன்னலை முப்பது தடவை செய்ய வேண்டியிருக்கும் கட்டடமா, பக்கத்துக்குப் பக்கம் புதிதாக ஏதாவது வருகிற வண்டியா என்பது அங்கேயே தெரிந்துவிடும். பெட்டியில் 18+ என்று இருந்தால் பயப்பட வேண்டாம். அது பெரியவர்களை மனத்தில் வைத்துச் செய்தது என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான்.

விலையைத் துண்டு எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஒரு துண்டு 10 ரூபாய்க்குள் வந்தால் நான் யோசிப்பேன், தாண்டினால் பெட்டியைத் திரும்ப வைத்துவிடுவேன். இதுவும் உத்தேசக் கணக்குதான். பெரிய பலகைத் துண்டும் ஒன்று, மிளகு அளவு வட்டமும் ஒன்று. நம் ஊரில் விலை எகிறுவதற்கு இறக்குமதி வரி ஒரு முக்கியக் காரணம். பொம்மைகள் மீதான அடிப்படைச் சுங்கவரி 2020-இல் 20-லிருந்து 60 சதவீதமாக ஏறியது, 2023-இல் 70 ஆனது. அதனால்தான் துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிற சித்தப்பாக்களுக்குத் திடீர் மரியாதை. அவர்களிடம் பெட்டியைப் பிரித்து, உள்ளே உள்ள பைகளையும் கையேட்டையும் மட்டும் துணிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். பெட்டிக்குள் பாதி காற்றுதான்.

போலிகளைப் பற்றி: அசல் துண்டின் மேல் பொருத்துவதற்காகத் துருத்தி நிற்கும் ஒவ்வொரு குமிழின் தலையிலும் லெகோ என்ற எழுத்து புடைத்து நிற்கும். இந்தியாவில் 2021 ஜனவரியிலிருந்து விற்கிற பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், அதையும் பாருங்கள். ஒருமுறை ஒரு கடையில் அசல் விலை கொடுத்து வாங்கி வந்து பிரித்தால், குமிழ்கள் எல்லாம் மொட்டைத் தலை. பெட்டி மூடியில் ஒட்டுநாடா இரண்டு சுற்று ஓடியிருந்ததைக் கடையிலேயே கவனித்திருக்க வேண்டும்.

பின்னால் விலை ஏறும், முதலீடு என்று சொல்லி வாங்க வைப்பவர்களிடம் தாஜ் மகால் கதையைச் சொல்லுங்கள். 2008-இல் வந்த அந்த செட்டில் 5,922 துண்டுகள். உற்பத்தி நின்றதும் மறுவிற்பனையில் விலை பல மடங்கு போனது. 2017-இல் 5,923 துண்டுகளோடு அதையே திரும்ப வெளியிட்டார்கள். பரணில் பெட்டியைப் பூட்டி வைத்திருந்தவர்கள் பாடு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கட்டுகிற நாள்

சமையலறையிலிருந்து விளிம்பு வைத்த பெரிய எவர்சில்வர் தாம்பாளம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அதற்குள் வெளிர் நிறப் பருத்தித் துண்டை விரித்து, பையை அதில் கொட்டுங்கள். துணி இல்லாவிட்டால் ராத்திரி பதினொரு மணிக்கு அந்தக் கலகலப்பில் வீடே எழுந்து உட்காரும். விளிம்பு இல்லாவிட்டால் சோபாவுக்கு அடியில் டார்ச் அடிக்க வேண்டியிருக்கும்.

பைகளில் 1, 2, 3 என்று எண் இருக்கும். ஒன்றை முடிக்காமல் அடுத்ததைப் பிரிக்காதீர்கள். எண் இட்ட பையும் நோட்டும் நன்றாகச் சேரும்: "பை 3, பக்கம் 64. அடுத்து: சாம்பல் நிறக் கூரை." ஒரு துண்டு உட்காராமல் முரண்டு பிடித்தால் அமுக்காதீர்கள். இரண்டு பக்கம் பின்னால் போய், குமிழ்களை நகத்தால் தொட்டு எண்ணிப் பாருங்கள். ஒரு குமிழ் தள்ளி வைத்திருப்பீர்கள். சரியாக உட்கார்ந்தால் "டக்" என்று விரலில் தெரியும். கழற்றுவதற்கு ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்ன நெம்புகோல் பல செட்டுகளில் வருகிறது. பல்லால் கடிக்காதீர்கள், பல் பதிந்த துண்டு என்னிடம் ஏழு இருக்கிறது.

முடித்த பிறகு சில பொடித் துண்டுகள் மிஞ்சும். நீங்கள் எதையும் விட்டுவிடவில்லை. சின்னதாக இருப்பவற்றை வேண்டுமென்றே ஒன்று கூடுதலாகப் போடுகிறார்கள். மாறாக ஏதாவது குறைந்தால், முதலில் காலிப் பையின் மூலையைத் தடவிப் பாருங்கள். அங்கேயும் இல்லை என்றால் நிறுவனத்தின் தளத்தில் செட் எண்ணையும் துண்டு எண்ணையும் கொடுத்துக் கேட்கலாம்.

ஸ்டிக்கர் ஒட்டுவது மட்டும் மே மாதத்தில் வேண்டாம். வியர்த்த விரலில் ஒட்டிக்கொண்டு வரும். புருவம் பிடுங்கும் இடுக்கியால் எடுத்து வைத்தால் பிழைக்கலாம்.

சேர்ந்த பிறகு

துண்டுகள் ஆயிரத்தைத் தாண்டியதும் தரம் பிரிக்க வேண்டியிருக்கும். எல்லாரும் நிறவாரியாகத்தான் தொடங்குவார்கள், நானும் அப்படித்தான். கறுப்பு டப்பாவுக்குள் ஒரு கறுப்புக் கீலைத் தேடிப் பாருங்கள், அன்றைக்கே வெறுத்துவிடும். வடிவவாரியாகப் பிரித்தால், பத்து நிறக் கீல்களுக்கு நடுவே கறுப்பைக் கண் சட்டென்று பிடித்துவிடும். பொடிகளுக்கு அஞ்சறைப் பெட்டியை மிஞ்சிய பாத்திரம் இல்லை. அறைகள் வைத்த பிளாஸ்டிக் டப்பாக்கள் பாரிமுனைப் பக்கம் காசி செட்டி தெருவில் மலிவு.

சொந்தமாகக் கட்டத் தொடங்கினால் மூன்று அளவுகளை மனப்பாடம் செய்யுங்கள். குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீட்டர். செங்கல் துண்டின் உயரம் 9.6. தட்டைத் துண்டின் உயரம் 3.2. அதாவது மூன்று தட்டை ஒரு செங்கல், ஐந்து தட்டையின் உயரம் இரண்டு குமிழ் அகலம். பக்கவாட்டில் திருப்பி ஒட்டுகிற வித்தையெல்லாம் இந்த ஐந்துக்கு இரண்டில்தான் அடங்கியிருக்கிறது. ஒரே நிறத்தில், இரண்டு வரிசையில் நான்கு நான்காக எட்டுக் குமிழ் உள்ள செங்கல் ஆறு இருந்தால் போதும், அவற்றை 91 கோடிக்கும் அதிகமான விதங்களில் இணைக்கலாம். இன்றைய வடிவம் 1958-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது, அந்தக் காலத் துண்டும் இன்றையதோடு பொருந்தும். உறவினர் வீட்டுப் பரணில் பழைய டப்பா கிடந்தால் வெட்கப்படாமல் கேளுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நாங்கள் வேளச்சேரியில் தரைத்தளத்தில் குடியிருந்தோம். கட்டிலுக்கு அடியில் வைத்திருந்த இரண்டு பெட்டிச் செட்டுகள் சாக்கடைத் தண்ணீரில் ஊறிப்போயின. அட்டைப்பெட்டிகள் கூழ், கையேடுகள் கூழ், ஸ்டிக்கர்கள் போயே போயின. துண்டுகள் மட்டும் அப்படியே இருந்தன. வாளியில் பாத்திரம் துலக்கும் திரவம் கலந்து ஒரு மணி நேரம் ஊறவைத்து, மாவு சலிக்கும் சல்லடையில் அலசினேன். (சல்லடை அதோடு எனக்கே சொந்தமாகிவிட்டது.) தண்ணீர் 40 டிகிரியைத் தாண்டக் கூடாது. கோடையில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரை அப்படியே பிடித்தால் தாண்டினாலும் தாண்டும். காய வைப்பது வேட்டியில் பரப்பி ஃபேனுக்கு அடியில், வெயிலில் அல்ல. வெயில் பட்டால் வெள்ளை பழுப்பாகும். மோட்டார், பேட்டரிப் பெட்டி உள்ளவற்றைத் தண்ணீரில் போடாதீர்கள். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் எந்தச் செட்டும் தரையிலிருந்து மூன்று அடிக்குக் கீழே இருப்பதில்லை. மைன்கிராஃப்ட் உலகத்தையும் பென் டிரைவில் ஒரு நகல் எடுத்து அதே உயரத்தில் வைத்திருக்கிறேன்.

அலமாரியில் வைத்தால் கண்ணாடிக் கதவு அவசியம். தூசிக்காக மட்டுமில்லை, பல்லிக்காகவும். எச்சம் காய்ந்த கூரையை இழை இழையாகச் சுத்தம் செய்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை நான் மறக்கவில்லை.

எல்லாம் வெளியே வருவது நவராத்திரிக்குத்தான். கொலுப்படிக்குக் கீழே பார்க் போடும் இடம் எனக்கு ஒதுக்கப்பட்டது. 32 குமிழ் அடித்தட்டு ஒன்று ஏறத்தாழ 25 செ.மீ., நான்கு போட்டால் ஒரு சின்னத் தெருவே வந்துவிடும். போன வருடம் தேர் முட்டியும் மாட வீதியும் போட்டேன். சுண்டலுக்கு வந்த குழந்தைகள் தேரைப் பிரித்து ஆட்டோ செய்துவிட்டுப் போனார்கள். ஆட்டோ நன்றாகவே இருந்தது, அதையே விட்டுவிட்டேன்.

இந்த வருடம் வெற்றிலை பாக்கு வைக்கத் தாம்பாளத்தைத் தேடினால் காணோம். அக்கா மகன் அன்றைக்கே தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். போனில் கேட்டதும் நோட்டின் கடைசிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினான்: "வியாழன். பை 2 முடிந்தது. ஒரு பச்சைத் துண்டு மிச்சம். அடுத்து: பை 3. அதுக்கு முன்னாடி மாமாவோட தாம்பாளம்."